ஜெனரேட்டர் அடிக்கடி நின்றுபோகிறதா?

புனேயில் வெகுநாள் வசிக்கிற நமக்கு மின்வெட்டு புதிதல்ல. 2006-ம் ஆண்டில் இந்நகரத்துத் தொழிற்சாலைகள் தங்கள் சொந்த ஜெனரேட்டர்களை ஓட்டி, அதனால் மிச்சமான மின்சாரம் வீடுகளுக்குக் கிடைக்கும்படி செய்தன. அதன் கூடுதல் செலவை நுகர்வோர் ஏற்றுக்கொண்டார்கள். 'புனே மாதிரி' என்று அதற்குப் பெயர் உண்டாயிற்று. ஆயினும், மழைக்காற்றில் கம்பி அறுந்தால், கடைக்கும் வீட்டு ஜெபக்கூட்டத்திற்கும் இன்றும் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரே கைகொடுக்கிறது. அது நடுவில் நின்றுபோனால், எவ்விதமாய் நின்றது என்பதை முதலாவது கவனியுங்கள்.

இயந்திரம் ஓடுகிறது, மின்சாரம் மாத்திரம் இல்லை என்றால், பாரம் அதிகமாகி பிரேக்கர் விழுந்திருக்கும். இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் போன்றவற்றைக் கழற்றிவிட்டு பிரேக்கரை மறுபடியும் போடுங்கள்.

திணறித் திணறி நின்றால், குறை பெரும்பாலும் பெட்ரோல் வழியில் இருக்கும். இயந்திரம் சற்று ஆறியபின் டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டால், மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. அதைச் சுத்தம்பண்ணினால் போதும். இல்லையேல் சோக் முழுவதும் திறந்திருக்கிறதா, ஏர் ஃபில்டரில் தூசி அடைந்திருக்கிறதா என்று பாருங்கள். இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. அது ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோல் கார்புரேட்டரின் நுண்துளையில் பிசினாய்ப் படியும். ஆகையால் உபயோகமில்லாத நாட்களில் டேங்கையும் கார்புரேட்டரையும் காலியாக்கி வையுங்கள்.

சட்டென்று நின்றால் ஆயிலைப் பாருங்கள். ஆயில் குறைந்தாலும், இயந்திரம் சாய்வான தரையில் இருந்தாலும், பல மாடல்களிலுள்ள சென்சார் அதை நிறுத்திவிடும். சிலர் அந்த ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறார்கள். அது இயந்திரத்தையே பாழாக்கும். ஆயில் சரியாயிருந்தும் சூட்டில் நின்று, ஆறியபின் மாத்திரம் ஓடுமானால், ஸ்பார்க் பிளக்கையோ இக்னிஷன் காயிலையோ மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக ஒரு எச்சரிப்பு. அடிக்கடி நிற்கிறதே, மழையில் நனைகிறதே என்று ஜெனரேட்டரை வராந்தாவிற்குள்ளோ மாடிப்படியின் கீழோ இழுத்து வைக்காதிருங்கள். அதின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தூங்குகிறவர்களை எழும்பவிடாமலே கொன்றுபோடும். ஜன்னல் திறந்திருப்பது அதற்குப் பாதுகாப்பல்ல. வெளியே, கதவு ஜன்னலுக்குத் தூரமாய், மழை படாத திறந்த கூரையின்கீழ் வையுங்கள். அப்படிப்பட்ட இடம் இல்லையென்றால், அன்று இரவு மெழுகுவர்த்தியோடு கூடுங்கள்.