போயா நாளும் புகையிரதக் கடவையும்

சென்ற பூரணை தினத்தன்று காலையில் எழும்போது நம்மிடம் இருந்த எண்ணம் ஒன்றே. கரவெட்டியிலே வாழும் முதுபெரும் பண்டிதர் ஒருவரைக் காணுதல். அவர் முன்னிலையில் தொல்காப்பியச் சொல்லதிகாரத்து உரியியலைச் சூத்திரஞ் சூத்திரமாக வாசித்தல். அவர் சொல்வனவற்றை எழுதிக்கொண்டு பொழுதுபட மீளுதல்.

அவருக்கு வயது எண்பத்தெட்டு. பார்வை மங்கிவிட்டது. அவரிடம் உள்ள பிரதி, புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர் அவர்களின் குறிப்புக்களோடு சுன்னாகம் திருமகள் அழுத்தகத்தில் 1938 இல் அச்சாகிய சேனாவரையம். அதன் ஓரங்களில் நாற்பது ஆண்டுகளாகப் பென்சிலால் எழுதிய நுண்குறிப்புக்கள் நிறைந்திருக்கின்றன. எழுத்தோ பொடி எழுத்து. ஈயம் தேய்ந்து தாளோடு தாளாய்ப் போய்விட்டது. எழுதியவராலும் அதனை இப்போது வாசிக்க இயலாது, பிறராலும் இயலாது. ஆயினும் சூத்திரத்தை உரக்க வாசித்தால், தாம் அவ்விடத்தில் எழுதியது இன்னதென்று அவர் நினைவிலிருந்து சொல்லுகின்றார். வயலிலும் துலாக்கிணற்றடியிலும் வழங்கிய எத்தனையோ சொற்களைப் பழைய உரிச்சொற்களோடு அவர் பொருத்திக் காட்டுவது கேட்கத் தக்கது. இவ்வகையாய் இடையியல் முடிய எழுதினோம். அதன்பின் போயா நாள் நான்கு கழிந்துவிட்டன, உரியியல் தொடங்கவில்லை. இது ஐந்தாவது போயா.

வாசகர் பொறுத்தருள்வாராக. ஆசிரியத் தலையங்கத்தில் வீட்டுப் புராணம் எதற்கு என்று கேட்பாரும் உளர். நமக்கு மட்டும் நேர்ந்ததாயின் எழுதியிரோம். ஆசிரியரும் மாணவரும் ஆகிய நம் வாசகர் பலர்க்கும் ஓய்வு நாள் என்பது இவ்வாறே கழிகின்றது என்பதை அறிவோமாதலின் எழுதுகின்றோம்.

ஆறரை மணிக்கு அடுப்பில் எரிவாயு தீர்ந்தது. சந்திக் கடைக்கு வெற்றுச் சிலிண்டரைக் கொண்டு சென்றால், லொறி ஒன்பது மணிக்கு வரும் என்றார்கள். லொறி வந்தது பத்துக்குப் பின். இதற்கிடையில், தமக்கையாரை வைத்திய நிபுணர் ஒருவரிடம் காட்டவேண்டியிருந்தது. அவர் கொழும்பிலிருந்து விடுமுறை நாள்களில் மாத்திரம் வருபவர். இலக்கம் முப்பத்தேழு என முன்னரே பதிந்து தந்திருந்தார்கள். முப்பத்தேழுக்கு முன்னால் முப்பத்தாறு பேர்தாம் இருப்பர் என்பது நாம் கற்ற கணிதம். அங்கே வழங்கும் கணிதம் வேறு. பன்னிரண்டரைக்கு வெளியே வந்தோம். பிறகு இணுவிலில் ஓர் அந்தியேட்டி. இழவுக்குப் போக முடியாது போனமையால் இதற்கேனும் போகாதிருத்தல் முறையன்று. குருக்களுக்கு அன்று அது மூன்றாவது வீடாம். கிரியை முடிந்து இலையில் அமரும்போது இரண்டு மணி.

இவற்றுள் எதனை விட்டிருக்கலாம் என்று எண்ணிப் பார்த்தோம். ஒன்றையும் விட இயலாது. இதுதான் செய்தியின் உட்பொருள். நம் ஓய்வு நாளைக் கொண்டுபோவன வீண் வேலைகள் அல்ல, கடமைகள். கிழமை நாளில் இடம்பெறாத கடமையெல்லாம் விடுமுறை நாளின் தலையில் வந்து விழுகின்றன. எல்லாருக்கும் அதே நாள் விடுமுறையாதலின், எல்லாரும் ஒரே நேரத்தில் அதே வீதிக்கு வருகின்றனர்.

கொக்குவிலில் கடவை மூடியிருந்தது. காங்கேசன்துறைப் பக்கமிருந்து புகையிரதம் வரும் வேளை. கடவையில் நிற்கும்போது ஒரு புதுமை கண்டோம். முன்னரும் கண்டதுண்டு, அன்றுதான் கருத்தூன்றினோம். படலை விழுந்த மாத்திரத்தே மோட்டார்ச் சைக்கிள்களும் முச்சக்கர வண்டிகளும் இடப்பக்கத்தோடு நில்லாமல் வலப்பக்கத்தையும் நிறைத்துக்கொள்கின்றன. அப்பாலும் அவ்வாறே. வண்டித் தொடர் கடந்துபோக அரை நிமிடம் செல்லவில்லை. படலை எழுந்ததும், பாரதப் போரின் முதல்நாட் காலைபோல இரு சேனையும் எதிரெதிர் நின்றன. ஒருவரும் அசைய இடமில்லை. புகையிரதம் நம்மைத் தடுத்தது அரை நிமிடம். நாமே நம்மைத் தடுத்தது இருபது நிமிடம்.

அங்கே நின்றபோது போயா என்னும் சொல்லைப் பற்றி எண்ணம் ஓடிற்று. பாளியில் உபோசதம், சிங்களத்தில் போயா. நமக்கும் இது புதிதன்று. முழுமதி நாளையும் மறைமதி நாளையும் உவா என்றனர் பழந்தமிழர். திண்ணைப் பள்ளிக்கூடங்களிலே அவ்வுவா, வாவு எனத் திரிந்து, விடுமுறைக்கே பெயராயிற்று. பிள்ளைகள் உபாத்தியாயருக்கு அந்நாளிற் கொடுக்கும் காசு வாவுக்காசு எனப்பட்டது. பாடம் ஓதலாகாத நாள் என்று வகுக்கப்பட்டிருந்தமையால், ஆசிரியர் தாம் படிப்பதற்கும் ஏடு எழுதுவதற்கும் அந்நாள் வாய்த்தது. விடுமுறை என்பது வேலையின்மை அன்று. தன் வேலைக்கு உரிய நாள் என்பதே அதன் பொருளாக இருந்தது.

இந்நாட்டில் ஓய்வு நாளை அரசு தானும் எண்ணிப் பார்த்ததுண்டு. 1966 ஆம் ஆண்டிற் சனி ஞாயிறு விடுமுறையை நீக்கி, பிறையின் நான்கு பருவத்துக்கும் உரிய போயா தினங்களையும் அவற்றின் முன்தினங்களையும் வார விடுமுறையாக்கினார்கள். சந்திரன் சட்டத்துக்கு அடங்குபவன் அல்லன். கிழமை சில வேளை ஏழு நாளாகவும் சில வேளை எட்டு நாளாகவும் வந்தது. கிறித்தவ அன்பர் ஞாயிறு வழிபாட்டை முடித்துக் கந்தோருக்கு ஓடினர். இன்று ஞாயிறா போயாவா என்று தாம் தடுமாறிய கதையை எம் தந்தையார் பலகாலும் சொல்வர். 1971 இல் அம்முறை கைவிடப்பட்டது; அவ்வாண்டின் விடுமுறைகள் சட்டத்தின்படி பூரணைப் போயா மாத்திரம் பொது விடுமுறையாக நிலைத்தது. நாளை மாற்றிப் பார்த்தார்கள், மீட்டும் மாற்றினார்கள். நாளின் உள்ளே இருக்கும் மணித்தியாலங்களைக் காப்பதற்கோ எந்தச் சட்டமும் இல்லை; இருக்கவும் முடியாது.

ஆடியபாதம் வீதியிலே திருநெல்வேலிச் சந்தையடியிற் பின்னும் ஒரு நெருக்கம். தனியார் வகுப்பு விட்ட பிள்ளைகள் மூவர் நால்வராய்ச் சைக்கிளில் அடுக்கி வர, அவர்களைப் பிளந்துகொண்டு வான் ஒன்று செல்ல முயன்றது. அந்தப் பிள்ளைகளைக் குறைகூற மனம் வரவில்லை. பூரணை நாளிலும் அவர்களுக்குக் காலை ஒரு வகுப்பு, மாலை ஒரு வகுப்பு. நமக்காவது போகவேண்டிய இடம் ஒன்று இருந்து போகமுடியாது போகின்றது. அவர்களுக்குப் போக விரும்பும் இடம் இன்னதென்று எண்ணிப் பார்ப்பதற்கே ஒரு நாள் இல்லை.

கல்வியங்காட்டில் 750 ஆம் இலக்கப் பேருந்து கிடைத்தபோது மணி மூன்றரை. கோப்பாய் வரையில் நத்தைபோல ஊர்ந்தது; பின்னே போட்டி வண்டி ஒன்று தலைகாட்டியதும் புயலாயிற்று. பேருந்துப் பயணத்தின் சுகதுக்கங்களை இங்கே விரிக்கப் புகின் ஏடு காணாது. நீர்வேலி கடந்து சிறுப்பிட்டி வந்தபோது நெஞ்சு சிறிது சுட்டது.

சிறுப்பிட்டி, சி. வை. தாமோதரம்பிள்ளை பிறந்த ஊர். 1832 இல் இங்கே பிறந்து, வட்டுக்கோட்டையிற் கற்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவராகி, அரசாங்கக் கணக்குத் துறையிலே உத்தியோகம் பார்த்தவர். பின்னர்ப் புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தார். அவருக்குப் பதிப்பு வேலை சம்பளத்துக்குரிய வேலை அன்று. பகலெல்லாம் இலக்கக் கணக்கு. எஞ்சிய பொழுதில் இலக்கணக் கணக்கு. ஆறுமுக நாவலர் பரிசோதித்துக் கொடுத்த சேனாவரையத்தை அவர் அச்சிற் கொணர்ந்தது 1868 இல். வீரசோழியம் 1881, தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885, கலித்தொகை 1887 என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. செல்லரித்த ஏடுகளைத் தேடித் திரிந்து, ஒற்றை தொட்டால் ஒடியும் நிலையில் அவற்றைப் பார்வையிட்டவர் அவர். உத்தியோகம், குடும்பம், பயணம் ஆகிய தொல்லைகள் அவருக்கும் இருந்தன. மாட்டு வண்டியும் கப்பலும் நம் பேருந்தினும் விரைவானவை அல்ல. அவ்வாறிருக்க, 1868 இற் சேனாவரையத்தைச் சிறுப்பிட்டியார் தந்தார். எழுபது ஆண்டின் பின் அதற்குக் குறிப்பெழுதிப் புன்னாலைக்கட்டுவனார் தந்தார். அக்குறிப்புக்கு மேற்குறிப்பு எழுதிய ஒருவர் நாலு சந்திக்கு அப்பால் இருக்கின்றார். அங்கே போய்ச் சேர நமக்கு ஐந்து பூரணை வேண்டியிருக்கின்றது. இதனைப் போக்குவரத்தின்மேல் மாத்திரம் ஏற்றிவிடுதல் நேர்மையாகுமா?

வல்லை வெளியில் வண்டி வேகமாயிற்று. இருமருங்கும் வெளி, காற்று. வீதி வெறிச்சென்று கிடந்தது. வெறிச்சோடிய வீதியைக் கண்டு மகிழும் பழக்கம் நம் தலைமுறைக்கு இல்லை. 1990 இல் நின்றுபோன புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது 2014 ஒக்டோபரில். காங்கேசன்துறை சேர்ந்தது 2015 சனவரியில். இருபத்து நான்கு ஆண்டு கொக்குவிற் கடவையில் ஒருவரும் காத்து நிற்கவில்லை, தண்டவாளமே இல்லாதிருந்தது. பெற்றோல் வராத நாளில் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடிய கார்களை நாம் அறிவோம். 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமத்துச் சனமெல்லாம் ஒரே வீதியில், ஒரே திசையில், நாவற்குழி நோக்கி அடியடியாக நகர்ந்ததையும் அறிவோம். அந்த நெரிசலிலே நின்றவர்கள் இன்றைய நெரிசலைக் கண்டு முணுமுணுப்பது சிறிது நாணத்துக்குரியது. 2022 இல் எரிபொருளுக்காக இரவும் பகலும் வரிசையிற் கிடந்ததும் நேற்றுப்போல இருக்கின்றது. ஆதலின் வீதியில் வண்டி பெருகியதை நாம் பழிக்கவில்லை. மூடிய கடவையும், போட்டிப் பேருந்தும், வகுப்பு விட்ட பிள்ளைகளும் ஊர் உயிரோடு இருப்பதன் அடையாளங்களே.

கரவெட்டியை அடைந்தபோது ஐந்தாகப் பத்து நிமிடம். பெரியவர் காலை ஒன்பது மணிக்கே முழுகி, நெற்றி நிறைய நீறு பூசி, விறாந்தைச் சாய்மனையில் வந்து இருந்துவிட்டாராம். மத்தியானம் படுக்கச் சொல்லியும் படுக்கவில்லையாம். மருமகள் சொன்னார். நாம் காரணம் சொல்லத் தொடங்கினோம்.

"அது இருக்கட்டும் தம்பி. கடைசி பஸ் எத்தனைக்கு?"

"ஏழுக்குப் பிறகு நிச்சயமில்லை, ஐயா."

"அப்ப தொடங்குங்கோ."

தொடங்கினோம். பதினொரு சூத்திரம் ஆயிற்று. ஒன்பதாவதில் அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். அவ்விடத்தில் ஏதோ எழுதியிருக்கிறது, கறுப்பாய்த் தெரிகின்றது என்றோம். "எழுதினது தெரியும், என்னெண்டு வருகுதில்லை," என்றார். மறுபடி வாசித்தோம், வரவில்லை. அடுத்ததற்குப் போகச் சொன்னார். அந்தக் குறிப்பை நான்கு மாதத்துக்கு முன் கேட்டிருந்தால் வந்திருக்குமோ, அறியோம்.

இனி, சொல்லவேண்டியது ஒன்று. திருமண வீட்டாரும் விழா எடுப்போரும் குறித்த நேரத்துக்குத் தொடங்கவேண்டும் என்பன போன்றவற்றை ஆண்டுதோறும் எழுதிவருகின்றோம். எழுதியபடி நடந்தவர் ஒருவரையும் கண்டிலோம். ஆதலால் அதனை விட்டு, நடக்கக்கூடியதைச் சொல்லுகின்றோம். வலிகாமத்திலிருந்து ஒருவர் மாதம் ஒருமுறை வல்லை வெளியைக் கடந்து சென்று முடிக்கத்தக்க வேலை அன்று இது. அந்த வீட்டுக்கு நடந்துபோகும் தூரத்திலே பாடசாலைகள் இருக்கின்றன. உயர்தர வகுப்பிலே தமிழைப் பாடமாக எடுத்த மாணவர் இருக்கின்றனர். நாள் ஒன்றுக்கு அரை மணித்தியாலம் ஒருவர் வாசிக்க, ஒருவர் எழுதினால், உரியியலும் எச்சவியலும் இரண்டு மாதத்தில் முடியும். கரவெட்டியில் மாத்திரமா? கண் மங்கி, கற்றது மங்காது, வாசிப்பார் ஒருவரும் இன்றி விறாந்தையில் அமர்ந்திருக்கும் முதியோர் குடாநாட்டின் ஊர்தோறும் உளர். அவ்வவ்வூர் ஆசிரியர்கள் தத்தம் அயலில் இருப்பவர் யார் என்று அறிந்து, விருப்பமுள்ள மாணவர் இருவரை அழைத்துச் சென்று அறிமுகஞ் செய்துவைத்தல் வேண்டும். அதற்கு விடுமுறை நாள் வேண்டியதில்லை, பேருந்தும் வேண்டியதில்லை. கரவெட்டி, நெல்லியடிப் பகுதி மாணவர்கள் இம்மலரின் முகவரிக்கு எழுதினால், பெரியவரின் இசைவைப் பெற்று வீட்டைக் காட்டுவோம்.

திரும்பும்போது நெல்லியடியில் ஆறே முக்காலுக்குப் பேருந்து கிடைத்தது. இருக்கவும் இடம் கிடைத்தது. அடுத்த பூரணைக்கு முதல் வண்டியிலேயே போவதாகச் சொல்லி வந்திருக்கின்றோம். எரிவாயுச் சிலிண்டர் ஒன்று மேலதிகமாக வாங்கி வைத்தாயிற்று.