கேமராவே இல்லாம கண்காணிக்குமா வைஃபை? செங்கல்பட்டு வீடு முதல் மாமல்லபுரம் விடுதி வரை

செங்கல்பட்டில் வயதான அம்மா தனியாக இருக்கிறார். பிள்ளைகள் வெளிநாட்டில். ராத்திரி பாத்ரூமில் வழுக்கி விழுந்தால் யாருக்குத் தெரியும்? ஹாலில் கேமரா வைக்கலாம், பாத்ரூமில் வைக்க முடியாதே! இங்கேதான் 'வைஃபை சென்சிங்' வருகிறது.

எப்படி வேலை செய்கிறது?

ரூட்டரிலிருந்து கிளம்பும் ரேடியோ அலை சுவர், பீரோ, மனித உடல் என எல்லாவற்றிலும் பட்டுச் சிதறுகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 6 செ.மீ.தான். அதனால் மூச்சு விடும்போது மார்பு ஏறி இறங்குவதைக்கூட பிடிக்க முடியும். சிக்னல் வழியில் எப்படி மாறியது என்ற இந்தக் கணக்குக்குப் பெயர் சிஎஸ்ஐ. நடப்பது, உட்காருவது, விழுவது என ஒவ்வொன்றும் அதில் ஒரு தனித் தடம் விடும். மெஷின் லேர்னிங் அந்தத் தடங்களைப் பழகிக்கொள்கிறது.

2013-லேயே எம்ஐடி ஆய்வாளர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் நகர்வதை வைஃபை மூலம் காட்டினார்கள். 2025-ல் இதற்கென்றே 802.11பிஎஃப் என்ற தரநிலை வந்துவிட்டது. சிஎஸ்ஐ படிக்கும் இஎஸ்பி32 சிப் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது.

சிக்கல் என்ன?

ஒரு அறையில் பழகிய மாடல், பீரோவை நகர்த்தினாலே தடுமாறும். ஆய்வகத்தில் சரியாகச் சொன்னது, நம்ம ஊர் சீலிங் ஃபேனுக்குக் கீழேயும் அப்படியே சொல்லும் என நம்ப முடியாது. விழுந்ததைத் தவறவிட்டால் உயிர்ச்சிக்கல்.

இன்னொரு சிக்கல், மாமல்லபுரம் கடற்கரை விடுதிகள் மாதிரியான இடங்களில். ஒளித்து வைத்த கேமராவையாவது தேடிக் கண்டுபிடிக்கலாம். சுவரில் இருக்கும் ரூட்டரை யார் சந்தேகப்படுவார்? அறையில் எத்தனை பேர், எப்போது தூங்கினார்கள் என்பதை அது ஊகிக்கலாம். அதற்குப் பெயர் தெரியாதுதான். ஆனால் ரிசப்ஷனில் கொடுத்த ஆதார் நகலில் பெயர் இருக்கிறதே! இரண்டையும் சேர்த்தால் அது தனிநபர் தரவு.

அமெரிக்காவில் காம்காஸ்ட் நிறுவனம் அசைவு கண்டறியும் ரூட்டர் வசதியைக் கொடுத்தபோது, சட்ட விசாரணைக்காக அந்தத் தகவலைப் பிறருக்குத் தரலாம் என்று தன் உதவிப் பக்கத்திலேயே எழுதியிருந்தது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, பொதுவாகச் சம்மதம் வாங்க வேண்டும். சொந்த வீட்டு உபயோகத்துக்கு விலக்கு உண்டு. வாடகைக்கு அறை விடும் தொழிலுக்கு இல்லை. விதிகள் 2025 நவம்பரில் வந்தாலும், சம்மதம் உள்ளிட்ட முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே அமலாகும்.