எந்த ஊர்க் கச்சேரி?

நாகூர் ஈ.எம். ஹனிபாவின் பாட்டுகளில் எது நல்லது என்று எங்கள் பக்கத்தில் யாரும் சண்டை பிடித்து நான் பார்த்ததில்லை. பாட்டெல்லாம் எல்லோருக்கும் பிடிக்கும், அதில் என்ன சண்டை? வழக்கெல்லாம் எந்தக் கச்சேரி என்பதில்தான். கந்தூரியில் பாடியதா, கலியாணப் பந்தலில் பாடியதா, இளமைக் குரலா, கனத்த குரலா என்று மணிக்கணக்காகப் போகும். கல்முனையில் ரெக்கோடிங் பார் வைத்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கெசட் வாங்க வந்தவர்களைவிட இந்த வழக்குப் பேச வந்தவர்கள்தான் அதிகம்.

ரெக்கோடிங் பார் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. இரண்டு டெக், ஓர் அம்ப்ளிஃபயர், சுவர் நிறையக் கெசட், ஹெட் துடைக்க ஸ்பிரிட் போத்தலும் பஞ்சும். கொப்பித் தாளில் பாட்டுகளை எழுதிக்கொண்டு வருவார்கள். அறுபதா தொண்ணூறா என்று கேட்டுப் பதிந்து கொடுப்போம். அது பாதி களவுத் தொழில் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வந்த நேரம் சீடி எங்களை ஏற்கெனவே படுக்கையில் போட்டிருந்தது.

ஹனிபா 1925 டிசம்பர் 25இல் பிறந்தவர். 2015 ஏப்ரல் 8இல் மௌத்தானார். தர்கா முற்றம், மீலாத் மேடை, கலியாண வீடு, தி.மு.க. மாநாடு என்று அவர் பாடாத இடமில்லை. பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் கொள்ளும். பாட்டை அதற்குள் அடக்கியே ஆக வேண்டும். மேடையில் அந்தக் கட்டு இல்லை. ஒரு வரியைக் கூட்டம் பிடித்துக்கொண்டால் அதைவிட்டு நகராமல் நிற்கலாம். ஆகவே கம்பனி வெளியிட்ட பாட்டு எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிக் கேட்கும், கச்சேரியில் பதிந்த பாட்டு ஊருக்கு ஊர், இரவுக்கு இரவு வேறு. அந்தக் கச்சேரிக் கெசட்டுகள் நாகூர்க் கந்தூரிக்குப் போனவர்களின் பையிலும், சவூதியிலிருந்து லீவில் வந்தவர்களின் பெட்டியிலும் எங்களிடம் வந்து சேர்ந்தன. மேலே 'ஹனிபா கச்சேரி' என்று மட்டும் எழுதியிருக்கும். எந்த ஊர், எந்த வருடம் என்று தேடிப் பார்த்தால் ஒன்றுமிருக்காது.

என் கடையின் நிரந்தர வழக்காளிகள் இருவர். ஒருவர் மருதமுனைக் கைத்தறிக்காரர், மற்றவர் நிந்தவூரில் விஞ்ஞானம் படிப்பித்த ஆசிரியர். கைத்தறிக்காரரிடம் ஒரு கெசட் இருந்தது. அதில் ஹனிபாவின் குரல் மற்ற எல்லாப் பதிவையும்விட ஒரு படி மேலே நிற்கும்.

"இந்தச் சுருதிய அவராலேயே திரும்பப் பிடிக்க ஏலாது ஸேர். அண்டைக்கு அல்லாஹ் குடுத்த குரல்."

"அது அல்லாஹ் குடுத்ததுதான் காக்கா, பெட்டரிக்கு ஊடாக் குடுத்திரிக்கான்" என்றார் ஆசிரியர்.

விசயம் இதுதான். கெசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். பெட்டரி இறங்கிப்போன ரேடியோவில் பதிந்தால் மோட்டர் தளர்ந்து நாடா மெதுவாக ஓடியிருக்கும். அதே நாடாவைக் கரண்டில் சரியான வேகத்தில் ஓடும் டெக்கில் போட்டால் குரல் ஏறும், தாளமும் ஓட்டம் பிடிக்கும். சோதிக்க ஒரு வழி உண்டு. பாட்டுக்கு நடுவே ஒருவர் மைக்கில் வந்து நன்கொடை தந்தவர்களின் பெயர்களை வாசிப்பார். அந்தப் பெரிய மனிதரின் குரல் பள்ளிக்கூடப் பையன் குரலாகக் கேட்டால் பெட்டரிதான் குற்றவாளி. போட்டுப் பார்த்தோம். கீச்சென்றுதான் கேட்டது. கைத்தறிக்காரர் அசையவில்லை. அதற்குப் பிறகும் அந்தக் கெசட்டைத்தான் கேட்டார், அதிலிருந்துதான் பிரதி எடுத்துத் தரச் சொன்னார்.

இப்போது பழைய பதிவுகளைச் சீர்செய்பவர்கள் இதை வேறு விதமாகக் கண்டுபிடிக்கிறார்கள். ஒலிபெருக்கியின் அடியில் ஒரு மின் இரைச்சல் எப்போதும் கிடக்கும். இலங்கையிலும் இந்தியாவிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பதிவில் அந்த இரைச்சல் 52 என்று அளந்தால், நாடா நூற்றுக்கு நாலு வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். ஜெனரேட்டரில் நடந்த கச்சேரிக்கு இந்தக் கணக்கு சரிவராது, எங்கள் பக்கத்துக் கச்சேரிகளில் பாதி ஜெனரேட்டரில்தான்!

இன்னொரு வழக்கு பக்கம் மாறும் இடம். அறுபது நிமிடக் கெசட் முப்பதாம் நிமிடத்தில் 'டக்' என்று நிற்கும், தொண்ணூறு என்றால் நாற்பத்தைந்தில். பதிகிறவர் எடுத்துத் திருப்பிப் போடுவதற்குள் பாட்டில் ஒரு துண்டு போய்விடும். ஒரே கச்சேரியை ஒருவர் அறுபதிலும் இன்னொருவர் தொண்ணூறிலும் பதிந்திருந்தால் இருவருக்கும் போன துண்டு வேறு வேறு. இரண்டையும் ஒட்டி முழுசாக்கித் தரச் சொல்லி வந்தவர்கள் உண்டு. நூற்றிருபது நிமிடக் கெசட்டை வாங்கியவர்கள் துண்டு போகாது என்று நம்பினார்கள். அதன் நாடா அவ்வளவு மெல்லியது, டெக் அதைக் கடித்துத் துப்பிவிடும்.

இதெல்லாம் எங்கள் ஊர்க் கிறுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். மச்சான் ஒருவர் அறுகம்பேயில் அலைச்சறுக்கு விளையாட வருகிறவர்களுக்கு அறை கொடுப்பவர். அவரிடம் தங்கிய ஓர் அமெரிக்கர், சிக்கிப்போன கெசட் ஒன்றைச் சரிசெய்து தரச் சொல்லி என்னிடம் அனுப்பினார். அதன் மேல் பாட்டின் பெயர் ஒன்றுமில்லை. ஊர், மண்டபம், திகதி, எத்தனையாவது பிரதி என்பது மட்டும். யாரோ ஒரு புத்திசாலி எழுதியது என்று எனக்கு உடனே விளங்கியது. விசாரித்தால் அது 'கிரேட்ஃபுல் டெட்' என்ற இசைக்குழுவின் கச்சேரி.

1965இல் கலிஃபோர்னியாவில் தொடங்கி, தலைமைக் கிட்டார்க்காரர் ஜெரி கார்சியா இறந்த 1995 வரை அந்தக் குழு 2,300க்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தது. ஒரு பாட்டை இரண்டு இரவு ஒரே மாதிரி வாசிக்கமாட்டார்கள். நாலு நிமிடப் பாட்டு இருபது நிமிடத்துக்குப் போகும், பாதியில் வேறு பாட்டுக்குள் நுழைந்து திரும்பியும் வரும். ரசிகர்கள் மைக்கும் ரெக்கோடருமாக வந்து பதிந்தார்கள். குழு அவர்களைத் துரத்தவில்லை, 1984இலிருந்து பதிகிறவர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கிக் கொடுத்தது. ரசிகர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஒரே சட்டம், மாற்றிக்கொள்ளலாம், விற்கக்கூடாது என்பது. வெற்றுக் கெசட்டும் தபால் செலவும் அனுப்பினால் பிரதி வரும். அந்தச் சட்டம் இங்கே இருந்திருந்தால் என் கடை ஒரு மாதம் தாங்கியிராது.

அவர்களுக்குள்ளும் எங்கள் சண்டைதான். 1977 மே 8, நியூயோர்க் மாநிலத்தின் கோர்னெல் பல்கலைக்கழகத்துப் பார்ட்டன் மண்டபக் கச்சேரிதான் எல்லாவற்றிலும் சிறந்தது என்பது ஒரு கட்சி. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் நாட்டின் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளில் ஒன்றாக அதை 2011ஆம் ஆண்டுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மறு கட்சி சொல்வது எனக்கு இன்னும் பிடிக்கும். அன்றைய வாசிப்பு நல்லதுதான், ஆனால் அதைவிட நல்ல இரவுகள் இருந்தன, இந்த இரவு பெயர் வாங்கியதற்குக் காரணம் பெட்டி கன்டர்-ஜாக்சன் என்ற ஒலிப்பதிவாளர் அதை அவ்வளவு துல்லியமாகப் பதிந்து வைத்ததுதான் என்கிறார்கள் அவர்கள். அந்த அம்மா பதிந்த நாடாக்களில் பெருந்தொகை எண்பதுகளில் களஞ்சிய வாடகை கட்டாமல் ஏலத்தில் போய், ரசிகர் கைகளில் விழுந்து, பிரதி பிரதியாகப் பரவியவை.

நாம் ஒப்பிடுவது பாடகரின் இரவுகளை மட்டுமல்ல, பதிந்தவரின் கையையும்தான். முன்வரிசையில் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவருக்குக் கிடைத்த ஹனிபா வேறு. ஒலிபெருக்கிப் புனலுக்குக் கீழே பாய் விரித்திருந்தவருக்குக் கிடைத்த ஹனிபா வேறு. பின்னால் பெண்கள் பக்கமிருந்து பதிந்த கெசட் ஒன்று என் கையால் போயிருக்கிறது. பாட்டு தூரத்தில்தான் கேட்கும், பக்கத்தில் பிள்ளையைத் தாலாட்டும் சத்தமும் சேர்ந்து வரும். ஆசிரியர் அதைப் பதிவே இல்லை என்றார். என் தீர்ப்பு வேறு. கச்சேரி என்றால் மேடை மட்டும் என்று யார் சொன்னது?

வளைகுடாவுக்குப் போன எங்கள் ட்ரைவர்மாருக்கு இந்த நியாயம் சொல்லாமலே விளங்கும். உம்மு குல்தூம் மாதத்தின் முதல் வியாழன் இரவு பாட, எகிப்திய வானொலி அதை அப்படியே அஞ்சல் செய்தது. ஒரு பாட்டு ஒரு மணி நேரத்தையும் தாண்டும், ரசிகர் ஆர்ப்பரித்தால் அதே வரிக்கு இன்னொரு நிறம் வரும். 1975இல் அவர் இறந்து இத்தனை வருடமாகியும் அந்த இரவுகளை வைத்து அரபிகள் வாதாடுகிறார்கள்.

எங்கள் சொந்தச் சரக்கு ஒன்றும் இருக்கிறது, அதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் சாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரால் கொடியேற்றிப் பன்னிரண்டு நாள் நடக்கும் விழாவில் பாவாமார் றபான் அடித்துப் பாடுவார்கள். கடல் காற்றில் றபானின் தோல் தொய்ந்து சுருதி இறங்கும். நெருப்பில் காட்டினால் ஏறும். பழைய கெசட்டைக் கவனித்துக் கேட்டால், எப்போது எழுந்துபோய் நெருப்பில் காட்டினார்கள் என்றுகூடச் சொல்லலாம். ஹனிபாவுக்காவது கம்பனி இசைத்தட்டு மிஞ்சும். பாவாமாருக்கு இந்தக் கெசட் போனால் எல்லாம் போனதுதான்.

போய்க்கொண்டும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருதுக் கரையோர வீடுகளைக் கடல் கொண்டுபோனது. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் எங்களுடையது. அந்த இழப்புக்கு முன்னால் கெசட்டைப் பற்றிப் பேச அப்போது யாருக்கும் வாய் வரவில்லை. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு தேடுதல் நடந்தபோது, அரபு எழுத்திருந்தால் வில்லங்கம் என்று பயந்து மௌலித் ஓதிய கெசட்டையும் அடுப்பில் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

கொள்கை மாறி வீசியவர்களும் உண்டு. வாத்தியத்தோடு பாடுவது கூடாது, தர்காக் கச்சேரி ஆகவே ஆகாது என்று மகன்மார் வாப்பாவின் அலுமாரியைத் துப்புரவாக்கினார்கள். மார்க்கத் தீர்ப்பு சொல்ல நான் ஆலிம் இல்லை. கேட்க மனமில்லாதவர் கேட்க வேண்டாம். ஆனால் வாப்பா எதைக் கேட்டார், எந்த ஊர் எப்படிக் கூடியது என்பதற்கு அந்த நாடாவைத் தவிர வேறு சாட்சி இல்லாதபோது அதை எரிக்கும் உரிமை மகனுக்கு உண்டென்று நான் ஒப்பமாட்டேன். உங்களுக்கு வேண்டாமென்றால் வேண்டியவனிடம் கொடுங்கள்.

கொடுக்கிற இடமும் பொறுப்பான இடமாக இருக்க வேண்டும். தொலைபேசியில் போடுகிற தம்பிமார் நல்ல மனதோடுதான் செய்கிறார்கள், ஆனால் அறிவிப்பை வெட்டி, சலவாத்தை வெட்டி, இரைச்சலை உறிஞ்சி எடுத்து, மூன்று நிமிடப் பாட்டாக்கிவிடுகிறார்கள். திரும்பவும் இசைத்தட்டுக் காலம்தான். எந்த ஊர்க் கச்சேரி என்று கேட்டால் பதிலில்லை. ஒலுவிலில் இலங்கைத் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1990களின் நடுவிலிருந்து இருக்கிறது. இஸ்லாமியக் கற்கைக்கும் அரபு மொழிக்கும் பீடமே வைத்திருக்கிறார்கள். ஓர் அறை, ஒரு நல்ல டெக், பொறுமையான இரண்டு மாணவர், இதற்கு மேல் தொடங்க எதுவும் வேண்டாம். ஈழத்து நூல்களை எண்ணிமமாக்கிய நூலகம் நிறுவனம் எப்படிச் செய்வதென்று ஏற்கெனவே காட்டியிருக்கிறது. விற்பனைக்கு அல்ல, வைப்புக்கு. ஹனிபாவின் உரிமை அவருடைய உரித்தாளர்களுக்கே. முழுக் கெசட்டையும், டக் என்று நிற்கிற இடத்தோடும் பெட்டரி இறங்கிய குரலோடும், வெட்டாமல் ஏற்ற வேண்டும். சீர்செய்த பிரதியைப் பக்கத்தில் தனியாக வைக்கலாம்.

அதுவரை கெசட் வைத்திருப்பவர்கள் ஒரு காரியம் செய்யலாம். இது யார் பதிந்தது, எந்த ஊர், எந்த வருடம், யாரிடமிருந்து பிரதி வந்தது என்று உம்மாவிடமோ மாமாவிடமோ இன்றைக்கே கேட்டு மூடியில் எழுதுங்கள். திகதி நினைவில்லையென்றால் "மகள் பிறந்த வருடம்" என்றாவது எழுதுங்கள், கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருந்தால் டெக்கில் போடவேண்டாம், ஹெட்டில் ஒட்டி அடுத்த கெசட்டையும் பிடிக்கும். கெசட்டின் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் காதுகள் இருக்கும், அவற்றைப் பேனாக் கத்தியால் உடைத்துவிடுங்கள். பிறகு எந்தப் பேரன் சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும் அது கீழே போகாது.