திரும்பி வந்த பட்டாளத்துக்காரர்

ஒரு பட்டாளத்துக்காரரை ஊர் நினைவில் வைக்க வேண்டுமென்றால் அவர் எல்லையில் இறந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக வேரோடிவிட்டது. மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டி வந்தால் அமைச்சர் வருகிறார், ஆட்சியர் வருகிறார், துப்பாக்கிகள் முழங்குகின்றன, தெருவுக்குப் பெயர் சூட்டுகிறார்கள். அதே படைப்பிரிவில், அதே பனியில், அதே ஆண்டுகள் காவல் நின்று உயிரோடு திரும்பி, பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு, எழுபது வயதில் கண்மூடுகிறவருக்குக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் 'எக்ஸ் மிலிட்டரி' என்று ஓர் ஒட்டு கிடைக்கிறது; அதுவும் அடுத்த மழை வரைக்கும்தான். மீஞ்சூரிலிருந்து பொன்னேரி வழியாகப் பழவேற்காடு வரை இதுதான் வழக்கம். தமிழ்நாடு முழுவதும் இதுதான். செத்தவர் வீரர், திரும்பியவர் பென்ஷன்காரர் என்ற இந்தப் பாகுபாடு தவறானது. அதைவிட, தீங்கானது.

இதன் தவறைப் புரிந்துகொள்ளப் பழவேற்காட்டுக் குப்பங்களைப் பார்த்தாலே போதும். ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரம் மணல் மேடிடும் காலத்தில் அதைத் தாண்டிப் படகை வெளியே கொண்டுபோவதும் திரும்பக் கொண்டுவருவதும் உயிரைப் பணயம் வைக்கும் வேலை. அதில் உயிரிழந்தவர்களுக்காகக் குப்பம் அழுகிறது. ஆனால் கடலோடு போனவன்தான் மீனவன், நாற்பது வருஷம் போய்த் திரும்பியவன் ஏதோ பிழைப்புக்கு வலை போட்டவன் என்று அங்கே யாரும் சொல்லமாட்டார்கள். காற்றையும் நீரோட்டத்தையும் அறிந்து ஆட்களைக் கரைசேர்த்தவருக்குத்தான் அங்கே சொல்மதிப்பு. கடல் தொழிலில் நமக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிகிற ஒன்று, படைத்தொழில் என்றவுடன் மறந்துபோகிறது.

மறதி எளிய சிப்பாயோடு நிற்பதில்லை. 1942இல் பர்மாவில் சித்தாங் ஆற்றங்கரைச் சண்டையில் உடம்பில் பல குண்டுகள் பாய்ந்து பிழைத்தவர் பின்னாளில் ஃபீல்டு மார்ஷலான சாம் மானெக்‌ஷா. பிழைத்ததால்தான் 1971 போரில் அவர் இந்தியத் தரைப்படையை நடத்த முடிந்தது. கிழக்குப் பாகிஸ்தானில் சுமார் 93,000 பேர் சரணடைந்தார்கள். ஓய்வுக்குப் பின் குன்னூரில் குடியிருந்தார். இரண்டு பெண்களுக்குத் தகப்பன். 2008 ஜூன் 27ஆம் தேதி, 94 வயதில், வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் இறந்தார். ஊட்டியில் நடந்த இறுதிச் சடங்குக்குப் பிரதமர் வரவில்லை, பாதுகாப்பு அமைச்சரும் வரவில்லை. இணையமைச்சர் ஒருவர் வந்தார். ஃபீல்டு மார்ஷலுக்கே படுக்கையில் நேர்ந்த மரணம் இவ்வளவு சிறியதாகத் தெரிந்ததென்றால் ஒரு நாயக்கிற்கும் ஹவில்தாருக்கும் என்ன கிடைக்கும்? வேலூர் மணிக்கூண்டில் முதல் உலகப்போரைப் பற்றிய கல்வெட்டு இருக்கிறது. அந்த ஊரிலிருந்து 277 பேர் போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்கிறது. 263 பேர் மீண்டு வந்திருக்க வேண்டும். அவர்கள் எப்படிப் பிழைத்தார்கள், ராத்திரியில் தூங்கினார்களா, பிள்ளைகளிடம் என்ன சொன்னார்கள் என்று கல் பேசவில்லை. டெல்லியில் 2019இல் திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் சுமார் 26,000 பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன, எல்லாம் உயிர்நீத்தவர்களுடையவை. அது நியாயமே. ஆனால் ஆண்டுதோறும் ஏறக்குறைய 60,000 பேர் படையிலிருந்து வீடு திரும்புகிறார்கள். அவர்களை எங்கே எழுதிவைத்திருக்கிறோம்?

செத்தவரே வீரர் என்ற இந்த நம்பிக்கைக்கு ஒரு கிளை உண்டு: நாட்டுக்காகக் குடும்பத்தைத் துறந்தவரே படைவீரர், அவருடைய தகப்பன் வேடம் தனி, அதற்கும் சேவைக்கும் சம்பந்தமில்லை என்பது. உண்மை நேர்மாறானது. 2022க்கு முன் பதினெட்டு, பத்தொன்பது வயதில் சேர்ந்த சிப்பாய்க்குக் குறைந்தது 15 ஆண்டு முடிந்தால்தான் பென்ஷன். பெரும்பாலோர் முப்பதுகளின் கடைசியில் வெளியே வருகிறார்கள். கள முனைப் பணியிடங்களுக்குக் குடும்பத்தை அழைத்துப்போக முடியாது. ஆண்டு விடுப்பு 60 நாள். முதல் பிள்ளை நடந்ததையும் பேசியதையும் '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவ அஞ்சல் முகவரிக்கு வந்த இன்லண்ட் கடிதத்தில் படித்துத் தெரிந்துகொண்ட தலைமுறை ஒன்று இருந்தது. அந்தத் தகப்பன் மணியார்டரில் பள்ளிக் கட்டணம் கட்டினார், கடிதத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். டிரங்குப் பெட்டியோடு நிரந்தரமாக வந்து இறங்கும்போது, தன்னை விருந்தாளியாகப் பார்க்கும் பிள்ளைகளிடம் புதிதாகத் தகப்பனாக வேண்டியிருந்தது. பிறகு வங்கி வாசலிலோ அனல்மின் நிலையத்தின் வாயிலிலோ மறுபடி ஓர் உடுப்பு, மறுபடி இரவுக் காவல். தமிழ்நாடு அரசு 1986இல் டெக்ஸ்கோ நிறுவனத்தைத் தொடங்கியதே இப்படி வந்தவர்களுக்கு வேலை தருவதற்குத்தான். அவருடைய சேவையின் விலையில் ஒரு பங்கைக் கட்டியது அந்த வீடு. அப்படியிருக்க, தகப்பனை விட்டுவிட்டு வீரனை மட்டும் நினைப்பது பாதிக் கணக்கை மறைப்பதாகும்.

எதிர்வாதங்கள் உண்டு. உயிர் கொடுத்தவரையும் சம்பளம் வாங்கித் திரும்பியவரையும் ஒரே தட்டில் வைப்பதா என்று கேட்பார்கள். ஒரே தட்டில் வைக்கச் சொல்லவில்லை. 2014 ஏப்ரலில் சோபியானில் வீழ்ந்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்கோ, 2020 ஜூனில் கல்வானில் வீழ்ந்த ராமநாதபுரத்து ஹவில்தார் பழனிக்கோ உரிய இடத்தை யாரும் பங்கு கேட்க முடியாது. ஆனால் யார் மீது குண்டு பாயும் என்பதை வீரம் தீர்மானிப்பதில்லை. ஒரே பதுங்குகுழியில் இருந்த இருவரில் ஒருவர் இறந்தார் என்பதால் மற்றவரின் துணிவு சம்பளத்துக்குச் செய்த வேலையாகச் சுருங்கிவிடாது. மரணத்தை மட்டுமே மதிக்கும் சமூகம், தன்னை அறியாமலே, படைக்குப் போகும் பிள்ளைகளிடம் மரணத்தை எதிர்பார்க்கிறது. நான் தீங்கு என்று சொன்னது இதைத்தான்.

தமிழ் மரபே விழுந்தவனுக்குத்தான் நடுகல் நட்டது என்று இன்னொரு வாதம். நட்டது உண்மை. அதே மரபில்தான் நெடுநல்வாடையின் பாண்டியன், வாடைக்காற்று வீசும் நள்ளிரவில், பாசறையில் காயம்பட்டுக் கிடக்கும் வீரர்களைத் தேடிப் போய்ப் பார்க்கிறான். திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்தில் விழுப்புண் படாத நாட்களை வீணென்று எண்ணிப் பார்ப்பவன் உயிரோடிருக்கும் வீரன்தான். பிழைத்தவனுக்கும் அந்த மரபு இடம் வைத்திருந்தது.

எல்லாவற்றிலும் கடினமான வாதம் இலங்கையைப் பற்றியது. இந்திய அமைதிப்படை 1987இல் அங்கே போனது, 1990 மார்ச்சில் திரும்பியது. ஏறத்தாழ 1,200 வீரர்கள் அங்கே இறந்தார்கள். ஈழத்துப் பொதுமக்கள் பட்டது சொல்லி மாளாது. சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களை வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்பது அவர் நிலை. அந்த நிலையின் அரசியல் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படையில் தமிழ்ச் சிப்பாய்களும் இருந்தார்கள். தன் மொழி பேசுகிறவர்களின் வாசலில் துப்பாக்கியோடு நிறுத்தப்பட்டவர் ஊருக்கு வந்து எதையும் சொல்ல முடியாமல் வாயை மூடிக்கொண்டார், பிள்ளைகளும் கேட்கவில்லை. நினைப்பது என்றால் புகழ்வது என்று நாம் எடுத்துக்கொண்டதால் வந்த மௌனம் இது. திரும்பியவரின் வாழ்வை முழுதாகப் பதிவு செய்தால் அதில் வெட்கமும் வரும், கேள்வியும் வரும், அரசு செய்த பிழையும் வரும். இறந்தவரைக் கொண்டு கொடியேற்ற முடியும். சாட்சி சொல்ல உயிரோடிருப்பவரால்தான் முடியும். பட்டாளத்துக்காரரை நினைப்பது படைவெறியை வளர்க்கும் என்று அஞ்சுகிறவர்கள் இந்த நினைவைத்தான் முதலில் வரவேற்க வேண்டும்.

2022இல் அக்னிபத் ஆளெடுப்புத் திட்டம் வந்த பிறகு, திரும்பியவர்களை நினைப்பது இன்னும் அவசரமாகிவிட்டது. நான்கு ஆண்டில் நான்கில் மூன்று பேர் வெளியேறுவார்கள். பென்ஷனும் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. இருபதுகளிலேயே வீடு திரும்பி, அதன் பிறகே தகப்பனாகப்போகிற அந்த இளைஞர்களுக்கு, செத்தால்தான் மரியாதை என்ற சமூகம் எதைக் கையில் கொடுக்கும்? ஜனவரி 14ஐ முன்னாள் படைவீரர் நாளாக அரசு வைத்திருக்கிறது. ஃபீல்டு மார்ஷல் கரியப்பா 1953இல் ஓய்வுபெற்ற நாள் அது. நம் பக்கம் போகி, பொங்கல் சமயத்தில் வருவதால் கவனிப்பாரில்லை.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் பதினேழாம் நூற்றாண்டுக் கல்லறைகளைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. எங்கிருந்தோ வந்த வணிகக் கம்பெனி ஆட்களின் பெயர்களை இன்றும் அங்கே படிக்கலாம். நம் தெருவில் இறந்த பட்டாளத்துக்காரருக்குச் சலவைக்கல் தேவையில்லை. ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கிறது: எங்கே சேர்ந்தார், எத்தனை வருஷம், என்ன பதக்கம், மனைவி யார், பிள்ளைகள் யார். குடும்ப பென்ஷன் முடிவானதும் அது பெட்டிக்குள் போய்விடுகிறது. ஊராட்சியும் உள்ளூர்ப் பள்ளியும் அதைப் படியெடுக்கட்டும். உயிரோடிருப்பவர்களிடம் மாணவர்கள் உட்கார்ந்து கேட்டு எழுதட்டும்: எந்தப் பனி, எந்தச் சண்டை, எதைச் செய்ய மறுத்தார், எதைச் செய்துவிட்டு வருந்தினார். அந்த வருஷங்களில் வீட்டை நடத்திய மனைவியிடமும், கடிதத்தில் வளர்ந்த பிள்ளைகளிடமும் அதே அக்கறையோடு கேட்கட்டும்.