குழாயில் உறையும் மெழுகு

போடிநாயக்கனூர் கடைவீதியில் வாங்கும் தேங்காய் எண்ணெய் தண்ணீர் போல ஓடும். ஏலத் தோட்ட வேலைக்குப் போகும் பெண், அந்தச் சீசாவை ஜீப்பில் போடிமெட்டுக்கு மேலே கொண்டு போகிறாள். மார்கழி மாதம். மறுநாள் காலையில் சீசாவைக் கவிழ்த்தால் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. வெள்ளை வெளேர் என்று உறைந்து கிடக்கிறது! எண்ணெயில் குற்றம் இல்லை. சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெயின் குணம் அது. வெந்நீரில் வைத்தால் இளகிவிடும்.

சீசாவுக்கு வெந்நீர் போதும். 1,000 கிலோ மீட்டர் நீளக் குழாயில் எண்ணெய் உறைந்தால் என்ன செய்வது?

அந்தப் பெண் வந்த ஜீப்புக்கு டீசல் வேண்டும். டீசல், பூமியில் இருந்து எடுக்கும் கச்சா எண்ணெயில் இருந்து கிடைக்கிறது. கச்சா எண்ணெயில் மெழுகு கலந்திருக்கிறது. மெழுகுவத்தி செய்கிறார்களே, அதே மெழுகுதான். பூமியின் ஆழத்தில் சூடு அதிகம். அதனால் மெழுகு அங்கே கரைந்தே இருக்கும். மேலே வந்து குழாயில் ஓடும்போது எண்ணெய் ஆறுகிறது. மெழுகு துகள் துகளாகப் பிரிந்து குழாயின் உள்ளே ஒட்டுகிறது. வழி குறுகுகிறது. பம்பு திணறுகிறது. ஓட்டம் நின்றுவிட்டாலோ, எண்ணெய் முழுவதும் களி போல இறுகிவிடும்.

அசாமில் நகர்கட்டியா என்ற இடத்தில் கிடைத்தது இப்படிப்பட்ட எண்ணெய்தான். சுமார் 30 டிகிரியிலேயே அது ஓட மறுக்கும். அதைப் பீகாரில் உள்ள பரௌனி சுத்திகரிப்பு ஆலைக்குக் கொண்டு போக, ஆயில் இந்தியா நிறுவனம் 1,157 கிலோ மீட்டர் குழாய் போட்டது. 1962-ம் ஆண்டு கவுகாத்தி வரை எண்ணெய் ஓடியது. பிறகு பரௌனியை எட்டியது. குளிர்காலத்தில் மண்ணே 30 டிகிரி இருக்காதே! எண்ணெயை நன்றாகச் சூடாக்கி, முறைப்படி மெதுவாக ஆற வைத்து அனுப்பினார்கள். அப்படிச் செய்தால் மெழுகுத் துகள்கள் வலை போலப் பின்னிக் கொள்வது குறைகிறது. ஆனால் அதற்குத் தனி ஆலையும் எரிபொருளும் வேண்டும். பிற்காலத்தில் ரசாயன மருந்து கலக்கும் முறை வந்தது.

பாகு காய்ச்சத் தெரிந்த பெண்களுக்கு இதன் சூட்சுமம் எளிதில் விளங்கும். சர்க்கரைப் பாகு பூத்துப் போகாமல் இருக்க, எலுமிச்சைச் சாறு சில சொட்டு விடுவார்கள். புளிப்புப் பட்டதும் சர்க்கரையில் ஒரு பகுதி வேறு வகைச் சர்க்கரையாக மாறுகிறது. மீதியைக் கட்டியாகச் சேர விடாமல் அது குறுக்கே நிற்கிறது. எண்ணெய் மருந்தின் வேலையும் ஏறக்குறைய அப்படித்தான். அதன் ஒரு பாகம் மெழுகைப் போலவே இருக்கும். மெழுகுத் துகளோடு சேர்ந்து கொள்ளும். மறு பாகம் வேறு வகை; அடுத்த துகளை ஒட்ட விடாது. மெழுகு மறைவதில்லை. பெரிதாகாமல் எண்ணெயோடு போய்விடுகிறது. பத்து லட்சம் பங்கு எண்ணெய்க்குச் சில நூறு பங்கு மருந்து போதும்.

ஆனால் எண்ணெய் சூடாக இருக்கும்போதே கலக்க வேண்டும். மெழுகு பிரிந்த பிறகு கொட்டினால் பணம்தான் வீண். ஒரு வயலின் எண்ணெய்க்குப் பொருந்தும் மருந்து இன்னொன்றுக்குப் பொருந்தாமல் போகலாம். மருந்து போட்டாலும் அவ்வப்போது குழாய்க்குள் சுரண்டியை ஓட விடுகிறார்கள். அந்தச் சுரண்டிக்கு எஞ்சினியர்கள் வைத்திருக்கும் பெயர் 'பிக்', அதாவது பன்றி!

கணக்குப் பார்க்கும் அதிகாரிக்கு மருந்துச் செலவு உறுத்தலாம். குழாய் நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு இந்தத் தண்டச் செலவு என்று தோன்றும். நன்றாக ஓடுவதே அந்த மருந்தால்தான்! கையை இறுக்கும் இடம் இது அல்ல. சோதனைச் சாலைகளுக்குத் தாராளமாகப் பணம் கொடுக்கட்டும். குறைந்த அளவில் வேலை செய்யும் மருந்தைத் தேடச் சொல்லட்டும். சூடாகவே வைத்து அனுப்பும் வழியும் உண்டு. ராஜஸ்தான் பார்மர் எண்ணெய்க்கு அதைத்தான் செய்தார்கள். 2010-ல் ஓடத் தொடங்கிய அந்தக் குழாயில் சுமார் 65 டிகிரி சூட்டை வழி நெடுகக் காக்க வேண்டும். அந்தச் செலவை எல்லா இடத்திலும் தாங்க முடியாது.

டீசலிலும் கொஞ்சம் மெழுகு உண்டு. போடிமெட்டுக் குளிர் அதை ஒன்றும் செய்யாது. லடாக்கில் நிலைமை வேறு. அங்கே டாங்கிக்கு அடியில் நெருப்பு மூட்டி வண்டியைக் கிளப்பிய டிரைவர்கள் உண்டு. 2019-ம் ஆண்டு இந்தியன் ஆயில் நிறுவனம், பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை அங்கே அனுப்பியது.