குண்டலுபேட்டையிலிருந்து திரும்பிய வழி



என் சரீரத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தை இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நம்முடைய சபைகளில் மூட்டுவாதத்திற்கு மருந்து உட்கொள்ளுகிறவர்கள் அநேகர். அவர்களில் தாய்மாரே அதிகம். விடுமுறை வந்தால் சொந்த ஊருக்கும், கன்வென்ஷன் கூட்டங்களுக்கும், குளிர்ப் பிரதேசங்களுக்கும் குடும்பமாகப் புறப்பட்டுவிடுகிறோம். அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

எட்டு ஆண்டுகளாக எனக்கு முடக்குவாதம் உண்டு. ஆரம்ப நாட்களில் காலையில் விரல்களை மடக்க முடியாது; பிரசங்க பீடத்தில் வேதாகமத்தின் பக்கத்தைத் திருப்புவதே பிரயாசமாயிருந்தது. மருத்துவர் வாரத்திற்கு ஒரு முறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரையும், தினமும் சிறிய அளவில் ஒரு ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுத்தார். சில மாதங்களில் கைகள் இலகுவாயின. நான் வியாதியஸ்தன் என்பதையே மறந்துபோனேன். அந்த மறதிதான் என்னை ஆபத்தில் கொண்டுபோய் விட்டது.

சபைக் குடும்பங்கள் பதினெட்டுப் பேராய் ஒரு வேனில் பெங்களூரிலிருந்து உதகைக்குப் புறப்பட்டோம். அதற்கு மூன்று நாட்களுக்கு முன்பே எனக்கு இருமல் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைகள் ஒரு மாதமாய் எதிர்பார்த்திருந்த பிரயாணத்தைப் பாஸ்டரே கெடுத்தார் என்ற பேச்சு வேண்டாமே என்று நினைத்தேன். நஞ்சன்கூடு தாண்டியதும் உடல் நடுங்கத் தொடங்கியது. குண்டலுபேட்டையில் தேநீருக்காக வேன் நின்றது.

அந்த ஊரை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். முன்பு மைசூரு மாவட்டத்திலிருந்து, 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். பருவத்தில் சென்றால் சூரியகாந்தியும் செண்டுமல்லியும் சாலையோரம் பூத்துக் கிடக்கும். இங்கேதான் வழி பிரிகிறது. ஒரு சாலை பந்திப்பூர், முதுமலை வழியாக உதகைக்கும், மற்றொன்று முத்தங்கா வழியாக வயநாட்டுக்கும் போகிறது. இரண்டும் காட்டுக்குள் நுழைகின்றன. வனவிலங்குகளைப் பாதுகாக்க 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை அச்சாலைகளில் பொதுப் போக்குவரத்துக்குத் தடை உண்டு. அவசர ஊர்திகளுக்கு விலக்கு இருந்தாலும், நள்ளிரவில் வியாதி முற்றினால் வாகனம் தேடுவது யார்? பெரிய மருத்துவமனைகள் உள்ள மைசூருவோ பின்னால் சுமார் 60 கிலோமீட்டர் தூரம்.

ஒரு சகோதரியின் பையிலிருந்த வெப்பமானியை வைத்துப் பார்த்தோம், 99.8 டிகிரி. “லேசான சூடுதான், ஒரு மாத்திரை போட்டால் சரியாகிவிடும்” என்றேன். என் மனைவி என் முகத்தையே பார்த்தாள். “ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் உங்களால் முடிக்க முடியவில்லை. காட்டைத் தாண்ட நான் சம்மதிக்க மாட்டேன்” என்றாள். வேன் உதகைக்குப் போயிற்று. நாங்கள் இருவரும் ஒரு வாடகைக் காரில் மைசூருவுக்குத் திரும்பினோம்.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தபோது நிமோனியா என்று தெரியவந்தது. “என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?” என்று மருத்துவர் கேட்டார். “வாரம் ஒரு மஞ்சள் மாத்திரை” என்றேன். எட்டு வருஷமாய் உட்கொள்ளும் மருந்தின் பெயர் அந்த நேரத்தில் என் வாயில் வரவில்லை! மகன் வீட்டிலிருந்து சீட்டைப் படம் பிடித்து அனுப்பிய பின்பே வைத்தியம் சரியாய் அமைந்தது. ஆறு நாள் படுக்கையில் இருந்தேன். காட்டின் அப்புறத்தில் அந்த இரவைக் கழித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று மருத்துவர் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை.

பிரியமானவர்களே, இதை ஓர் உவமையால் விளக்குகிறேன். வீட்டைக் காக்க ஒரு நாயை வளர்க்கிறோம். அது புத்தி பேதலித்து வீட்டாரையே கடிக்கத் தொடங்கினால் கட்டிப்போடத்தானே வேண்டும்? முடக்குவாதத்தில் நம் சரீரத்தின் நோய் எதிர்ப்புச் சக்தி நம் மூட்டுகளையே தாக்குகிறது. மருந்து அதைக் கட்டிவைக்கிறது. ஆனால் கட்டப்பட்ட நாய் திருடன் வரும்போது பாய முடியாது. காய்ச்சல் என்பது அதன் குரைப்பு. விசேஷமாக ஸ்டீராய்டு மருந்து அந்தக் குரைப்பையும் அடக்கிவிடும். குரைப்பு மெலிதாயிருப்பதால் திருடன் சிறியவன் என்று எண்ணிவிடக்கூடாது.

இதற்காக மருந்தைக் குறைகூறாதிருங்கள். மெத்தோட்ரெக்சேட் உருவான வரலாற்றில், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த டாக்டர் எல்லாபிரகத சுப்பாராவுக்கும் பெரும் பங்குண்டு. முதலில் புற்றுநோய்க்குப் பயன்பட்ட அம்மருந்து, 1988இல் முடக்குவாதத்திற்கும் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. எத்தனையோ பேரை நடக்கவைத்த மருந்து அது. ஆனால் மூட்டுவாதத்திற்கு அதை வாரத்தில் ஒரு நாள் மாத்திரமே உட்கொள்ளவேண்டும். தவறுதலாகத் தினமும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

பிரயாணத்தில் வேறு கண்ணிகளும் உண்டு. காய்ச்சல் என்றதும் வழியிலுள்ள மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்குகிறோம். அவற்றில் செப்ட்ரான் முதலான பெயர்களில் கிடைக்கும் கோட்ரைமாக்சசோல், மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்ந்தால் இரத்த அணுக்களைப் பயங்கரமாய்க் குறைத்துவிடக்கூடும். வெளியூர்த் தண்ணீரால் வயிற்றுப்போக்கு உண்டானால் சரீரம் வறண்டு, சிறுநீரகம் மருந்தை வெளியேற்ற முடியாமல் அது உள்ளே தங்கிவிடும். வறட்டு இருமலும் மூச்சுத்திணறலும் சில வேளைகளில் மருந்தினாலேயே வரும். ஆகையால் இருமலை அற்பமாய் எண்ணாதிருங்கள்.

ஊசியாகச் செலுத்தும் புதிய உயிரியல் மருந்துகளில் சில, சரீரத்தில் உறங்கிக்கிடக்கும் காசநோயை எழுப்பிவிடும் என்று 2001இல் அமெரிக்க மருத்துவர்கள் எச்சரித்தார்கள். உலகத்தின் காசநோயாளரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் நம் தேசத்தார். ஆகவே அம்மருந்தைத் தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை செய்கிறார்கள். காட்டு வழியாய்ச் சென்றவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லவேண்டும். 1957இல் சிவமொக்கா பகுதியின் கியாசனூர் காட்டில் முதலில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல், 2012இல் பந்திப்பூரிலும் காணப்பட்டது. உண்ணி கடித்துப் பரவும் அந்நோயைச் சாதாரணக் காய்ச்சல் என்று எண்ணிவிடலாம்.

நான் படுக்கையிலிருந்தபோது ஒரு சகோதரர் தொலைபேசியில் அழைத்து, “பாஸ்டர், விசுவாசத்தோடே மாத்திரைகளையெல்லாம் தூக்கி எறிந்துவிடுங்கள்” என்றார். அவருடைய அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து ஜீவனுக்கே மோசம் வரும். மெத்தோட்ரெக்சேட்டை என் மருத்துவர்களே கலந்து பேசிச் சில வாரங்கள் நிறுத்திவைத்தார்கள். நிமோனியா தீர்ந்தபின் அவர்களே மறுபடியும் தொடங்கினார்கள். எதை நிறுத்துவது, எதைத் தொடருவது என்பது அவர்கள் அறிந்த காரியம்.

அப்போஸ்தலனாகிய பவுல், தன்னோடு பிரயாணப்பட்ட துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்ததைத் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். அதில் துரோப்பீமுவின்மேல் ஒரு குற்றச்சாட்டும் இல்லை. வியாதிப்பட்டவன் வழியில் தங்குவது அவமானமல்ல. எனக்கு இருந்தது விசுவாசமல்ல, கூச்சம் என்பதை மைசூருவில் படுத்திருந்தபோதுதான் அறிந்தேன்.

ஆகவே புறப்படுமுன் இவைகளைச் செய்யுங்கள். மருந்துகளின் பெயர், அளவு, உட்கொள்ளும் கிழமை, உங்கள் மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு காகிதத்தில் எழுதிப் பையிலும், துணைவரின் கையிலும் வையுங்கள். இன்ஃப்ளுவென்சா, நிமோனியா தடுப்பூசிகளைப்பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். உயிருள்ள கிருமிகளைக் கொண்ட தடுப்பூசிகளை அவர் அனுமதியின்றிப் போடாதிருங்கள். கொதித்து ஆறின தண்ணீரைக் குடியுங்கள். நறுக்கி விற்கும் பழங்களைத் தவிருங்கள். குளிர், நடுக்கம், மூச்சு வாங்குதல், சிறுநீரில் எரிச்சல், இவற்றில் ஒன்று தோன்றினாலும் வெப்பமானி என்ன காட்டினாலும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, உடன் வருகிறவர்களிடம் சொல்லுங்கள். உதகைக்குப் போன பிள்ளைகள் எங்களை மன்னித்துவிட்டார்கள். திரும்பி வரும்போது எனக்கென்று ஒரு பொட்டலம் வர்க்கியும் வாங்கி வந்தார்கள்.