முடிந்தும் போகாத கோப்புகள்

வீட்டுக் கடன் கேட்டு நீங்கள் கொடுக்கும் விண்ணப்பம் யார் மேஜைக்குப் போக வேண்டும், அங்கே இரண்டு நாள் கிடந்தால் யாருக்கு நினைவூட்ட வேண்டும் என்பதையெல்லாம் இன்று பல இடங்களில் ஒரு சர்வர்தான் பார்த்துக்கொள்கிறது. பிபிஎம் (பிசினஸ் ப்ராசஸ் மேனேஜ்மென்ட்) சர்வர் என்பார்கள். அதை வேகமாக ஓடவைப்பது என் பிழைப்பு.

சில வருடங்களுக்கு முன் ஒரு நிதி நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. காலை பத்து மணிக்கு ஊழியர்கள் பணிப்பட்டியலைத் திறந்தால் திரை வர அரை நிமிடம் ஆகிறது. கவுன்ட்டரில் ஆட்கள் காத்து நிற்கிறார்கள். நாங்கள் போவதற்கு முன்பே அங்கிருந்தவர்கள் ஒரு வைத்தியம் செய்திருந்தார்கள். சர்வரில் ஒரே நேரத்தில் வேலை பார்க்கும் த்ரெட்கள் 50 ஆக இருந்தன, அவற்றை 200 ஆக்கியிருந்தார்கள். நிலைமை இன்னும் மோசமாகியிருந்தது.

ஆகத்தான் செய்யும். டேட்டாபேஸுக்குப் போகும் கனெக்‌ஷன்கள் அதே 50தான். மீதி 150 த்ரெட்டும் மெமரியைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும். எத்தனை கனெக்‌ஷன் வேண்டும் என்பதற்கு 1961இல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி போதும்: நொடிக்கு எத்தனை வேலை வருகிறது, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறது, இரண்டையும் பெருக்குங்கள். நொடிக்கு 20 வேலை, ஒவ்வொன்றும் அரை நொடி என்றால் 10 கனெக்‌ஷன் போதும். அதே வேலை மூன்று நொடி இழுத்தால் 60 வேண்டும். அப்போது கேட்க வேண்டியது, அரை நொடி ஏன் மூன்று நொடியானது என்பதைத்தான்.

ஒவ்வொரு த்ரெட்டும் அந்தக் கணத்தில் எங்கே நிற்கிறது என்று காட்டும் த்ரெட் டம்ப்பைப் பத்து நொடி இடைவெளியில் மூன்று முறை எடுத்தோம். மூன்றிலும் பெரும்பாலான த்ரெட்கள் ஒரே இடத்தில் நின்றன: பணிப்பட்டியலைக் கொண்டுவரும் குவெரி. அது தேடும் டேபிளைத் திறந்து பார்த்தபோது மனசு கனத்தது. கடன் கொடுத்து, சிலர் அதை அடைத்தும் முடித்துவிட்ட விண்ணப்பங்களின் பணிகள் எல்லாம் அப்படியே கிடந்தன. இன்றைய வேலையைத் தேட, சர்வர் ஒவ்வொரு முறையும் அத்தனை வருடத்தையும் புரட்டிக்கொண்டிருந்தது. டேட்டாபேஸின் ஸ்டாட்டிஸ்டிக்ஸும் மாதக்கணக்கில் புதுப்பிக்கப்படவில்லை.

தணிக்கைக்கு வேண்டியவற்றை வேறு டேட்டாபேஸுக்கு மாற்றினோம். மற்றவற்றை இரவு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அழித்தோம். ஸ்டாட்டிஸ்டிக்ஸைப் புதுப்பித்தோம், ஒரு இண்டெக்ஸ் போட்டோம். த்ரெட்களைப் பழையபடி 50க்கு இறக்கினோம். ஒவ்வொன்றாகத்தான் செய்தோம், ஒவ்வொன்றுக்கும் பிறகு அளந்தோம். கடைசியில் திரை இரண்டு நொடிக்குள் வந்தது. புது மெஷின் எதுவும் வாங்கவில்லை.

பெர்லினில் உருவான கமுண்டா 7 என்ற பிபிஎம் மென்பொருள் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளுக்குத் தனி டேபிள், வரலாற்றுக்குத் தனி டேபிள். வேலை முடிந்ததும் முதல் டேபிளிலிருந்து வரிகள் போய்விடும். வரலாறும் வளரும் என்பதால் அதற்கும் ஒரு ஆயுள் வைக்க வேண்டும்.

நான் அடிக்கடி பார்க்கும் இன்னொரு தவறு, விண்ணப்பதாரரின் பிடிஎஃப்பை அப்படியே ப்ராசஸ் வேரியபிளில் போட்டுவிடுவது. நாள்கணக்கில் ஓடும் ப்ராசஸ், காத்திருக்கும் இடத்துக்கு வரும்போதெல்லாம் தன் நிலையை டேட்டாபேஸில் எழுதும். அந்தப் பாரத்தை அது ஏன் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்? ஆவணத்தின் எண்ணை மட்டும் கொடுங்கள். சர்வர் பயன்படுத்தும் மெமரியான ஜாவா ஹீப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் அதற்குப் பிறகு. கார்பேஜ் கலெக்‌ஷன் லாகைப் படிக்காமல் அதில் கைவைக்காதீர்கள்.

இப்படி ஒரு சர்வரை நீங்கள் பராமரிக்கிறீர்கள் என்றால், திங்கட்கிழமை போனதும் முடிந்த வேலைகள் எத்தனை உள்ளே கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அவற்றை அகற்றும் பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். நான் போய்வந்த அந்த நிறுவனத்தில் அப்படி ஒருவர் இருந்ததே இல்லை.